ஆவாரையா, தும்பையா, கரிசலாங்கண்ணியா?

தை பிறக்கும் சமயத்தில் கரட்டு ஓரமும் தரிசும் ஆவாரம்பூவால் மஞ்சளாகக் கிடக்கும். கொங்குப் பக்கத்தில் போகியன்று பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவது இந்தப் பூவைத்தான். சும்மா கிடைக்கிறதே என்று பை நிறையப் பறித்து வந்துவிட்டு, என்ன செய்யலாம் என்று பிறகு யோசிக்கிறோம். முகத்துக்கா, தலைக்கா, சளிக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வயலுக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

முகத்துக்கும் உடம்புக்கும் என்றால் ஆவாரையையே எடுங்கள். காய்ந்தால் மாதக்கணக்கில் கெடாது என்பதே முதல் காரணம். தண்ணீர் விட்டு அரைத்த பச்சை விழுது, எந்தப் பூவாக இருந்தாலும், அன்றைக்கே தீர்க்க வேண்டியது. காலையில் பறித்த ஆவாரம்பூவை உதறி, எறும்பு போனபின் நிழலில் பரப்பிவிடுங்கள். கையில் எடுத்தால் சருகாக நொறுங்க வேண்டும். மஞ்சள் மங்கிப் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கலாம், கொட்டிவிடுங்கள். ஒரு பங்கு பூவுக்கு இரண்டு பங்கு பச்சைப்பயறு சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் சலித்தால் பொடியில் தங்கும் குருணை முகத்தைக் கீறிவிடும். இந்தப் பொடி நிறத்தை மாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தோலை அதிகம் உலர்த்தாமல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆவாரையைப் பொன்னாவரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் மஞ்சள் பூ, இரண்டும் ஒரே பேரினம். ஆவாரையின் சிற்றிலைகள் சின்னவை, நுனி மழுங்கியவை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல ஒரு வட்ட இலை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மடலைப் பார்த்தபிறகே பறியுங்கள். பொன்னாவரையின் சிற்றிலை பெரிது, நுனி கூர்மை, கசக்கினால் கெட்ட வாடை. அதன் விதை நஞ்சு. ஆவாரை நெடுஞ்சாலை ஓரத்திலும் தாராளமாகப் பூக்கிறது. வண்டிப்புகை படிந்த அந்தப் பூ வேண்டாம்.

தலைக்கு என்றால் கரிசலாங்கண்ணி. இதில் பூ சின்ன வெள்ளைப் பொத்தான்போல இருக்கும், அடையாளத்துக்கு உதவும். நமக்கு வேண்டியது இலைச்சாறு. அரைத்த கை கறுத்துப்போவது வழக்கம்தான். ஒரு டம்ளர் சாற்றுக்கு இரண்டு டம்ளர் தேங்காய் எண்ணெய், சிறுதீ. சடசடப்பு அடங்கி, கசடு மணல்போல உதிரும்போது இறக்குங்கள். அதற்குமுன் இறக்கினால் ஈரம் மிஞ்சி, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். முளைத்துவிட்ட நரையை இது கறுப்பாக்காது. சாக்கடை ஓரத்தில் செழித்து நிற்கும் செடி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வரப்பில் நிற்பதை எடுப்பதானால் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சளிக்குத் தும்பை. பூவும் இலையுமாக ஒரு பிடி போட்டு ஆவி பிடித்தால் மூக்கடைப்பு இளகும். அதில் பெரும்பங்கு வெந்நீரின் வேலை. சின்னக் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து படும் வெந்நீர்க் காயம் சளியைவிடக் கொடியது.

வெட்டுக்காயப்பூண்டை நான் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். வயலில் அரிவாள் பட்டதும் கசக்கி வைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் இலையோடு மண்ணும் புண்ணுக்குள் போகும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வதே சரி.

எதைத் தேர்ந்தாலும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். பார்த்தீனியம் பட்டு அரிப்பு வந்தவர்கள் கரிசலாங்கண்ணியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே குடும்பம். ஆவாரம்பூ டீ குடிக்க ஆசைப்படும் சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டு மருந்துக்கே ஆகாத பூக்களும் அதே வேலியோரத்தில்தான் இருக்கின்றன. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளைப் பிரித்தெடுக்கிறார்கள். அவ்வளவு வீரியமுள்ள செடியை அடுப்பில் கஷாயமாக்கக் கூடாது. ஊமத்தையும், நம் மாநில மலரான செங்காந்தளும் நஞ்சு. செங்காந்தள் கிழங்கைத் தோண்டிய கையைக் கழுவாமல் சாப்பிடவும் உட்காராதீர்கள்.