புகை வாசலுக்கு வெளியே: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை அமலில் இருக்கிறது. வீட்டு வாசற்படியோடு அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைபிடிக்கும் பெண்கள் 2% மட்டுமே. ஆனால் பெரியவர்களில் 38.7% பேர் வீட்டிலேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

நம்பிக்கை: "ஜன்னலோரம் நின்றுதானே பிடிக்கிறேன், ஃபேனும் ஓடுகிறது!"

உண்மை: ஃபேன் புகையை வெளியேற்றாது, வீடெங்கும் பரப்பும். திரைச்சீலையிலும் தலையணையிலும் படியும் நிகோடின் நாள்கணக்கில் தங்கும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது அதுவும் உள்ளே போகிறது.

நம்பிக்கை: "கேடு பிடிப்பவருக்குத்தான்."

உண்மை: ஜப்பானில் புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-இல் ஆய்வாளர் ஹிராயாமா தன் ஆய்வை வெளியிட்டார். கணவர் பிடிக்கும் சிகரெட் கூடக்கூட, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடியது. புகையிலை நிறுவனங்கள் மறுத்துப் பார்த்தன. பின்வந்த ஆய்வுகள் அவர் சொன்னதையே உறுதிசெய்தன.

நம்பிக்கை: "பெண்டாட்டி கண்டிப்பாக இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பான்."

உண்மை: நிகோடின் பழக்கம் மூளையில் வேரூன்றியது. விட்ட முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டும். இதற்கு மனைவியைக் குறை சொல்வது அநியாயம். சண்டை போட்டால் ஒளிந்து பிடிப்பாரே தவிர, விடமாட்டார். "விட்டுவிடு" என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. "வீட்டுக்குள் வேண்டாம்" என்பது மூச்சுவிடும் எல்லோருடைய உரிமை. புகை நுழையாத வீட்டில் இருப்பவர்கள் குறைவாகப் பிடிப்பதும், விட முயல்வதும் பல ஆய்வுகளில் தெரிகிறது.

நம்பிக்கை: "மாமனாரிடமும் விருந்தாளியிடமும் ஒரு பெண் எப்படிச் சொல்வது?"

உண்மை: தனியாகச் சொல்வது கடினம்தான். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் பெண்களுக்கு இதே தயக்கம் இருந்தது. அங்கே குடியிருப்புப் பகுதியே கூடி, வீட்டுக்குள் புகை வேண்டாம் என்று அறிவித்தது. அதன்பின் கணவரையோ விருந்தாளியையோ வெளியே போய்ப் பிடிக்கச் சொல்வது எளிதானது; அது ஊர்க்கட்டுப்பாடு ஆகிவிட்டதே! நம் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசலாம்.

இன்றே தொடங்க மூன்று வேலைகள்: ஹாலில் இருக்கும் ஆஷ்ட்ரேயை எடுத்துவிடுங்கள். சிகரெட் வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்பதே குற்றம். வீட்டில் புகைபிடிப்பவர் விட நினைக்கும் நாளில், அதற்கு உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள்.