சும்மா கிடக்கட்டும் என்று வாங்கிய நிலம்

(பசுமைப் படைப் பக்கம்)



முதல்ல ஒரு விடுகதை. ஒருத்தர் நிலம் வாங்குறார். பத்திரம் பதிவு பண்றார். ஆனா வீடு கட்டலை, பிளாட் போடலை, பயிரும் வைக்கலை. "யார் வேணும்னாலும் வந்து நடங்க, உட்காருங்க, ஆனா இதை யாருக்கும் விற்க மாட்டேன்" என்கிறார். அவர் யார்?

நம்ம ஊரில் "பிழைக்கத் தெரியாதவர்" என்று பதில் வரும். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை என்று தமிழில் சொல்லலாம். அரசாங்கம் இல்லை, கம்பெனியும் இல்லை. ஊர்க்காரர்கள் சந்தா போட்டு நடத்துவது. இவற்றில் ரொம்பப் பழையது ஒன்று, அது எப்படி வந்தது, கோடைகாலத்தில் அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சார்லஸ் எலியட் என்று ஒருவர். 1859ல் பிறந்தவர். அப்பா ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர். மகனுக்குப் பூங்கா அமைக்கிற தொழில். அப்போது பாஸ்டன் நகரம் நாலாபக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கிராமத்துத் தோப்பு, ஆற்றங்கரை எல்லாம் வீட்டுமனை ஆகிக்கொண்டிருந்தன. எலியட் 1890ல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்ன ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. நூலகம் புத்தகங்களை வைத்திருக்கிறது, அருங்காட்சியகம் ஓவியங்களை வைத்திருக்கிறது. யாரும் வந்து படிக்கலாம், பார்க்கலாம், விலைக்குக் கேட்க முடியாது. அதே மாதிரி அழகான நிலங்களை வைத்திருக்கவும் ஒரு அமைப்பு வேண்டும் என்றார்.

யோசித்துப் பாருங்கள், நம்ம பள்ளி நூலகத்தில் பழைய புத்தகத்தைக் "கிழிஞ்சு போச்சு, எடைக்குப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஏரிக்கரைக்கு அப்படிக் கோபம் வருகிறதா?

கடிதம் வெளியான அடுத்த வருடமே, 1891ல், மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு அந்த அமைப்பை உருவாக்கியது. முதலில் வந்தது 20 ஏக்கர் காடு. இறந்துபோன மகளின் நினைவாக ஒரு தாய் கொடுத்தார். எலியட் 1897ல் 37 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் ஆரம்பித்தது இன்றைக்கு 'தி டிரஸ்டீஸ்' என்ற பெயரில் 120க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்துக்கொள்கிறது. இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் 1895ல் 'நேஷனல் டிரஸ்ட்' தொடங்கினார்கள்.

எல்லா நிலத்தையும் காசு கொடுத்து வாங்க முடியுமா? முடியாது. அதற்கு ஒரு நல்ல யுக்தி வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டில் மனை வாங்கும்போது பெரியவர்கள் வில்லங்கச் சான்றிதழ் எடுப்பார்கள் இல்லையா? நிலத்தின் மேல் கடன், வழக்கு ஏதாவது இருக்கா என்று பார்க்க. அங்கே நிலத்துக்காரரே விரும்பித் தன் பத்திரத்தில் ஒரு 'நல்ல வில்லங்கம்' ஏற்றிக்கொள்கிறார். "இந்த நிலத்தில் இனி கட்டடம் கட்டக் கூடாது" என்பதுதான் அது. நிலம் அவருடையதேதான். உழலாம், குடியிருக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குகிறவருக்கும், அவர் பேரனுக்கும் அந்த நிபந்தனை பொருந்தும். மாசச்சூசெட்சில் 1969 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. கட்டடம் கட்ட முடியாத நிலத்துக்கு மதிப்புக் குறைவு என்பதால் வரியும் குறையும். அதனால் கொடுக்கிறவருக்கும் கொஞ்சம் லாபம். (சும்மா யார் கொடுப்பாங்க என்று கேட்பவர்களுக்காக இதைச் சொன்னேன்!) அறக்கட்டளை ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்து எல்லையைச் சுற்றி நடந்து பார்ப்பார்கள்.

சரி, நிலம் கிடைத்துவிட்டது. கம்பிவேலி போட்டுப் பூட்டிவிட்டால் போதுமே, வேலை முடிந்ததே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

பாஸ்டனுக்கு வடக்கே இப்ஸ்விச் என்ற ஊரில் 'கிரேன் பீச்' என்று ஒரு கடற்கரை. கிரேன் என்ற பணக்காரக் குடும்பம் 1945ல் அதை அறக்கட்டளைக்குக் கொடுத்தது. வெள்ளை மணல், மணல்மேடு, பின்னால் உப்புச் சதுப்பு. அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் கோடை. அப்போதுதான் பிள்ளைகளுக்கு விடுமுறை. கார் கார் ஆகக் கூட்டம் வரும்.

அதே கோடையில் இன்னொருவருக்கும் அந்த மணல் வேண்டும். அது ஒரு சின்னப் பறவை. ஆங்கிலத்தில் 'பைப்பிங் ப்ளோவர்'. நம்ம ஊர் உப்புக்கொத்தி இனம்தான், அதனால் உப்புக்கொத்தி என்றே எழுதுகிறேன். எடை சுமார் 55 கிராம், ஒரு கோழிமுட்டை அளவு. நிறம் அப்படியே காய்ந்த மணல். கூடு என்று எதுவும் கட்டாது. அலை ஏறாத இடத்தில் மணலில் காலால் ஒரு சின்னக் குழி பறிக்கும், சிப்பித் துண்டு நாலு போடும், அவ்வளவுதான். பெரும்பாலும் நான்கு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும்.

குஞ்சுகள் பஞ்சு உருண்டைக்குக் குச்சிக்கால் வைத்தது போல இருக்கும். பொரித்த சில மணி நேரத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். அம்மா ஊட்டாது, தானே பூச்சி தேடித் தின்ன வேண்டும். பறக்க இன்னும் நான்கு வாரம் ஆகும். அதுவரை ஆபத்து வந்தால் அது செய்கிற ஒரே காரியம், அசையாமல் மணலோடு மணலாகப் படுத்துக்கொள்வது. நரிக்கும் காக்கைக்கும் இந்தத் தந்திரம் சில நேரம் பலிக்கும். நடந்து வருகிற காலுக்கு? வண்டிச் சக்கரத்துக்கு? சக்கரம் போன பள்ளத்தில் இறங்கிய குஞ்சு ஏறத் தெரியாமல் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

நம்ம வயல்வெளியில் ஆட்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம். கோடையில் வெறும் தரையில் முட்டையிடும். கிட்டே போனால் கத்திக் கூப்பாடு போட்டு நம்மை வேறு பக்கம் இழுக்கப் பார்க்கும். உப்புக்கொத்தியும் சிறகு ஒடிந்த மாதிரி நொண்டி நடித்து எதிரியைத் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகும். அந்த நடிப்பு நடக்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காய்கிறது. ஆக, நாம் முட்டையை மிதிக்காவிட்டாலும் பக்கத்தில் சும்மா நின்று வேடிக்கை பார்த்தாலே கெடுதல்தான். இதை எழுதும்வரை எனக்கு இது உறைக்கவே இல்லை.

அதனால் வசந்தம் வந்ததும் வேலை தொடங்குகிறது. கூடு இருக்கும் பகுதியைச் சுற்றிக் குச்சி நட்டு, கயிறு கட்டி, அறிவிப்புப் பலகை வைக்கிறார்கள். கயிறுதான், சுவர் இல்லை. மனிதனுக்குப் படிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் கட்டிய கயிறு! ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நாய்க்கு அனுமதி இல்லை. இது போன்ற கடற்கரைகளில் கூட்டுக்குப் பக்கத்தில் பட்டம் விடாதீர்கள் என்றும் சொல்வார்கள். ஏன் தெரியுமா? மேலே ஆடுகிற பட்டத்தைப் பருந்து என்று நினைத்துத் தாய்ப்பறவை கூட்டை விட்டு ஓடிவிடும். தின்பண்டக் குப்பை போட்டால் காக்கையும் கடற்காகமும் வரும், வந்தால் முட்டையையும் விடாது.

கயிறு கட்டிவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. குஞ்சுக்குக் கயிறு தெரியுமா? அது இரை தேடித் தண்ணீர் ஓரத்துக்கு வரும், நாளைக்கு நூறு அடி தள்ளிப் போகும். ஆகவே தினமும் ஆள் நடந்து எண்ண வேண்டும், குஞ்சு போகிற பக்கம் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும், வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும். சம்பள ஆட்களோடு தொண்டர்களும் இதைச் செய்கிறார்கள்.

எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த மாநிலத்தில் பல கடற்கரைகளில் பெரிய சண்டையே நடந்தது. "வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் எங்களுக்கு வெயில், அப்பவும் பறவைக்காகக் கடற்கரையை மூடுவீங்களா" என்று கேட்டார்கள். "உப்புக்கொத்தி கோழி மாதிரி ருசியா இருக்கும்" என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனவர்கள்கூட உண்டு. அவர்கள் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மனிதன் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குளிக்கலாம். குஞ்சால் அந்த நான்கு வாரத்தை வேறு எங்கும் கழிக்க முடியாது. என் ஓட்டு குஞ்சுக்குத்தான்.

பலன் என்ன? இந்தப் பறவையை 1986ல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தபோது மாசச்சூசெட்ஸ் முழுவதும் சுமார் 140 ஜோடிதான் இருந்தது. 2023ல் ஆயிரம் ஜோடியைத் தாண்டிவிட்டது. அறக்கட்டளைகள், மாநில அரசு, ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்து 37 கோடை கயிறு கட்டிய கணக்கு இது. ஒரு கோடை விட்டிருந்தாலும் அந்த வருடக் குஞ்சுகள் போனது போனதுதான்.

கடற்கரையோடு வேலை முடியவில்லை. அந்த மாநிலத்து ஆறு, குளங்களில் முள்சிங்காரா என்ற நீர்க்கொடியை வெறுங்கையால் பறிப்பதும் கோடை வேலைதான். வடஇந்தியாவில் சிங்காரா என்று தின்பார்களே, அந்த இனம். அங்கே அது வந்தேறி. 1870களில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்களாம். நம்ம குளத்து ஆகாயத்தாமரைக் கதைதான்! தண்ணீரை மூடிவிடும், அடியில் மீனுக்குக் காற்று இருக்காது. விதை விழுவதற்கு முன், ஜூன் ஜூலையில் படகில் போய்ப் பிடுங்கிவிட வேண்டும். சேற்றில் விழுந்த விதை 12 வருடம் வரை உயிரோடு கிடக்கும். இந்த வருடம் பறிக்கிற பத்தாம் வகுப்புப் பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அதே குளத்தில் விதை முளைக்கும். யாராவது பறிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. ஜூலையில் கிரேன் பீச்சில் பச்சைக்கண் ஈ என்று ஒரு கடி ஈ வரும். உப்புச் சதுப்புச் சேற்றில்தான் வளரும். மருந்தடித்து ஒழிக்கலாமே என்றால், அந்தச் சதுப்பில்தான் மீன்குஞ்சும் பறவையும் வாழ்கின்றன. ஆகவே சதுப்பில் கறுப்புப் பெட்டிப் பொறி வைத்துக் கொஞ்சம் பிடிக்கிறார்கள். மீதிக்கு, "இப்போது ஈக்காலம், யோசித்து வாருங்கள்" என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்!

நம்ம பக்கம் கோயில்காடுகளில் சாமி பெயரைச் சொல்லி மரத்தைக் காப்பாற்றினார்கள். "சுள்ளி ஒடிச்சா சாமி கண்ணைக் குத்தும்" என்பது எழுதாத பத்திரம். எலியட் எழுதி வைத்தார். எந்தப் பத்திரமானாலும் அந்த இடத்துக்கு வந்து பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது.

கீழே மூன்று கேள்விகள். விடையைத் தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் சுவர் இதழ்ப் பெட்டியில் போடவும். நல்ல விடைகள் அடுத்த இதழில் வரும்.

1. உப்புக்கொத்திக் குஞ்சு ஆபத்து வந்தால் ஓடாமல் படுத்துக்கொள்வது ஏன்? அந்தப் பழக்கம் எப்போது அதற்கே எமனாகிறது?

2. உங்கள் தெருவிலோ வயலிலோ ஆட்காட்டி இந்தக் கோடையில் எங்கே முட்டையிட்டது? (கிட்டே போகாமல், தூரத்தில் நின்று பார்த்து எழுதவும்.)

3. நம்ம ஊரில் ஒரே ஒரு இடத்தின் பத்திரத்தில் 'நல்ல வில்லங்கம்' ஏற்றலாம் என்றால் எந்த இடத்துக்கு ஏற்றுவீர்கள்? அங்கே வருடாவருடம் யார் போய்ப் பார்ப்பது?