வண்ணமும் வாழிடமும்: நலிந்த நகரங்களில் கலைஞர் குழுக்களின் பணி

முன்னுரை

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் வினா இலக்கியத் திறனாய்வில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். இவ்வினாவை நாம் பெரும்பாலும் நூல்களைக் கொண்டே ஆராய்ந்து வந்துள்ளோம். கவிதையில் சமுதாயச் சிந்தனை, புதினத்தில் உழைப்பாளர் வாழ்வு எனத் தலைப்பிட்டு, படைப்பினுள் வாழ்க்கை எவ்வாறு இடம்பெற்றுள்ளது என்று காண்பது நம் வழக்கம். படைப்பு தன் எல்லையைக் கடந்து வெளியே சென்று ஒரு தெருவை, ஒரு குடியிருப்பை, ஒரு நகரத்தின் போக்கை மாற்ற இயலுமா என்னும் வினாவை நாம் அருகியே எழுப்புகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு நகரங்கள் சிலவற்றில் வாழ்ந்த கலைஞர்கள் இவ்வினாவிற்குச் செயலால் விடை காண முற்பட்டனர். அவர்தம் முயற்சிகளுள் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 1993ஆம் ஆண்டு தோன்றிய 'புராஜெக்ட் ரோ ஹவுசஸ்' தனிச்சிறப்புடையது. அதனை 'வரிசை வீடுகள் திட்டம்' என நாம் வழங்கலாம். அத்திட்டத்தை மையமாகவும், பிலடெல்பியா, டெட்ராய்ட் ஆகிய நகரங்களில் நிகழ்ந்த முயற்சிகளை ஒப்புநோக்காகவும் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. கலையால் அழகு பெறும் ஒரு பகுதி அங்கு வாழும் ஏழை மக்களுக்கே உரியதாக நிலைக்க வேண்டுமாயின் கலையுடன் வேறு எது வேண்டும் என்பதே நாம் விடை காண முயலும் வினாவாகும்.

நகரங்கள் நலிந்த வரலாறு

நகரம் ஒன்று நலிவது ஒரே நாளில் நிகழ்வதன்று. மோட்டார் வண்டித் தொழிலால் உலகப் புகழ் பெற்ற டெட்ராய்ட் நகரின் மக்கள்தொகை 1950ஆம் ஆண்டு ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்தது. 2010ஆம் ஆண்டு அது 7 இலட்சத்து 14 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தன. புதிய நெடுஞ்சாலைகள் வழியே வெள்ளையர் புறநகர்களுக்குச் சென்றனர். வரி செலுத்துவோர் குறையவே நகராட்சியின் வருவாய் குறைந்தது. வருவாய் குறையவே தெருவிளக்கும் காவலும் துப்புரவும் குறைந்தன. அவை குறையவே எஞ்சியோரும் வெளியேறினர். ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிச் சுழன்ற இச்சுழற்சியின் முடிவில், 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டெட்ராய்ட் நகரம் தன் கடனைத் தீர்க்க இயலாதென நீதிமன்றத்தை நாடியது.

இந்நலிவிற்கு நிறவேற்றுமையும் ஒரு பெருங்காரணமாகும். 1930களில் அமெரிக்க நடுவணரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடனளிக்க ஏற்றவையல்ல எனச் சிவப்பு வண்ணத்தால் குறித்தது. 1968ஆம் ஆண்டின் சட்டம் வீட்டுவசதியில் வேற்றுமை காட்டுவதைத் தடை செய்தது. எனினும், கடன் கிடைக்காமல் பல்லாண்டுகள் பழுது பார்க்கப்படாத வீடுகள் அதற்குள் இடிந்து சரியத் தொடங்கியிருந்தன.

ஹூஸ்டன் நகரின் நிலை சற்று வேறானது. எண்ணெய் வளத்தால் அந்நகரம் பெருகிக்கொண்டே வந்தது. ஆயினும் அதன் நடுவே 'மூன்றாம் வார்டு' எனப்படும் கறுப்பின மக்களின் பகுதி நலிந்துகொண்டே வந்தது. அப்பகுதிக்கு நெடிய வரலாறு உண்டு. அடிமைத்தளையினின்று விடுபட்ட மக்கள் தம்முள் பணம் திரட்டி, தம் விடுதலை நாளைக் கொண்டாடுவதற்கென 1872ஆம் ஆண்டு 10 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினர். அந்நிலம் 'விடுதலைப் பூங்கா' என்னும் பெயருடன் இன்றும் மூன்றாம் வார்டில் உள்ளது. உரிமையற்றிருந்த மக்கள் உரிமை பெற்றதும் செய்த முதற்செயல்களுள் ஒன்று பொதுவுக்கென நிலம் வாங்கியதே என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

வீடே படைப்பான விதம்

1990களின் தொடக்கத்தில் ரிக் லோ என்னும் ஓவியர் ஹூஸ்டனில் சமுதாயச் சிக்கல்களைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டி வந்தார். அவர்தம் ஓவியக்கூடத்திற்கு வந்த உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், தம் பகுதியின் துன்பங்களைத் தாம் நன்கறிந்திருப்பதாகவும், அவற்றை மீண்டும் ஓவியத்தில் காட்ட வேண்டியதில்லை என்றும், கலைஞர் படைப்பாற்றல் உடையவர் எனின் ஒரு தீர்வைப் படைக்கலாகாதா என்றும் வினவினார். இவ்வினா தம் வாழ்வின் திசையை மாற்றியதென லோ பலமுறை கூறியுள்ளார்.

அவருக்கு வழிகாட்டிய சிந்தனைகள் இரண்டு. முதலாவது, செர்மானியக் கலைஞர் சோசப் பாய்ஸ் முன்வைத்த 'சமூகச் சிற்பம்' என்னும் கருத்து. கல்லையும் உலோகத்தையும் போலவே சமுதாயமும் செதுக்கி உருவாக்கத்தக்கதே என்றும், அப்பணியில் மனிதர் யாவரும் கலைஞரே என்றும் அவர் கருதினார். காசெல் நகரில் 1982 முதல் 1987 வரை 7000 ஓக் மரங்களை, மரத்திற்கு ஒரு கருங்கல்லுடன் நட்ட திட்டம் அக்கருத்தின் வெளிப்பாடாகும். பாய்ஸ் 1986இல் மறைந்த பின்னரும் பிறர் அதனை நிறைவேற்றினர்.

இரண்டாவது, மூன்றாம் வார்டிலேயே உள்ள டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஓவியத்துறையை நிறுவிய சான் பிகர்ஸ் என்பவரின் ஓவியங்கள். கறுப்பினத் தொழிலாளர் வாழ்ந்த குறுகிய, நீண்ட வீடுகளை அவர் மதிப்புடன் தீட்டினார். முன்வாயில் வழியே சுட்ட குண்டு தடையின்றிப் பின்வாயில் வழியே வெளியேறும் என்னும் பொருளில் அவ்வீடுகள் 'துப்பாக்கி வீடுகள்' எனப் பேச்சுவழக்கில் அழைக்கப்பட்டன. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த அவ்வீடுகளின் அமைப்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹைட்டி வழியாக நியூ ஆர்லியன்சை அடைந்தது எனக் கட்டடக்கலை ஆய்வாளர் கூறுவர். பிறர் கண்ணுக்கு வறுமையின் சின்னமாகத் தோன்றிய வீட்டில் பிகர்ஸ் ஒரு மக்களின் நினைவைக் கண்டார்.

1993ஆம் ஆண்டு லோ, சேம்ஸ் பெட்டிசன், பெர்ட் லாங், செஸ்ஸி லாட், ஃபிளாய்ட் நியூசம், பெர்ட் சாம்பிள்ஸ், சார்ச் ஸ்மித் ஆகிய கறுப்பினக் கலைஞர் எழுவர் ஒன்றுசேர்ந்தனர். ஒன்றரைத் தெருத்தொகுதியில் பாழடைந்து கிடந்த 22 துப்பாக்கி வீடுகளை மீட்க முடிவு செய்தனர். நடுவணரசின் கலை நிதியும் அறக்கட்டளைகளின் கொடையும் ஓரளவே கிடைத்தன. மிகுதியும் மக்கள் உழைப்பே மூலதனமாயிற்று. தேவாலயத்தினரும் அருங்காட்சியகப் பணியாளரும் அண்டை வீட்டாரும் விடுமுறை நாள்களில் வந்து குப்பையை அகற்றினர், பலகை பொருத்தினர், வண்ணம் பூசினர். 1994ஆம் ஆண்டு வீடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.

காட்சியிலிருந்து குடியிருப்புக்கு

சில வீடுகள் கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு கலைஞரும் ஒரு வீடு முழுவதையும் ஒரு படைப்பாக்கி, அப்பகுதியின் வரலாற்றையும் வாழ்வையும் அதனுள் அமைத்துக் காட்டினர். இம்மட்டில் திட்டம் நின்றிருப்பின் அது நல்லதொரு கண்காட்சியாக மட்டுமே முடிந்திருக்கும். எஞ்சிய வீடுகளை என்செய்வது என்ற வினா எழுந்தபோதுதான் அதன் உண்மையான சிறப்பு புலப்பட்டது. அவற்றுள் சிலவற்றை, துணையின்றிக் குழந்தையை வளர்த்துக்கொண்டே கல்வியைத் தொடர விழையும் 18 முதல் 26 வயது வரையிலான இளந்தாயர்க்குக் குடியிருப்பாக அளித்தனர். வீட்டுடன் குழந்தை வளர்ப்பு, பொருள் மேலாண்மை ஆகியவற்றில் வழிகாட்டுதலும் அளிக்கப்பட்டது. அவ்வாறு அங்குத் தங்கிப் பயின்ற தாய் ஒருவர் பின்னாளில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, அப்பகுதிக்கே திரும்பி வந்து மக்கள் பணியில் ஈடுபட்டார்.

ஒரே வரிசையில் ஒருபுறம் ஓவியமும் மறுபுறம் தொட்டிலும் இருந்த காட்சி, கலை வேறு வாழ்க்கை வேறு என்னும் பிரிவினையை அழித்தது எனலாம். அத்தாயரும் அப்படைப்பின் பார்வையாளர் அல்லர். அதன் பகுதியினரே ஆவர்.

திட்டம் மேலும் வளர்ந்தது. 1939இல் கட்டப்பட்டு, கறுப்பின இசைவாணர் பலர் பாடிய 'எல்டொராடோ' அரங்கம் 1999இல் இத்திட்டத்திற்குக் கொடையாக வந்தது. சீரமைக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. குறைந்த வாடகையில் வீடு கட்டித் தருவதற்கெனத் தனி அமைப்பொன்று 2003இல் தோற்றுவிக்கப்பட்டது. ரைஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் பழைய வீடுகளின் வடிவத்தைத் தழுவிப் புதிய வீடுகளை வடிவமைத்தனர். 22 வீடுகளாகத் தொடங்கியது ஐந்து தெருத்தொகுதிகளில் 39 கட்டடங்களாகப் பெருகிற்று. 2014இல் ரிக் லோவுக்கு மக்கார்தர் அறக்கட்டளையின் உயரிய நல்கை வழங்கப்பட்டது.

ஒப்புநோக்கு

பிலடெல்பியா நகரின் வடபகுதியில் 1986ஆம் ஆண்டு, சீனத்தில் பிறந்த ஓவியர் லிலி யே, குப்பைமேடாகக் கிடந்த மனையொன்றில் சிறுவர்களைக் கூட்டிப் பணி தொடங்கினார். சிறுவரைத் தொடர்ந்து பெரியோரும் வந்தனர். உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கொண்டு சுவர்ச் சித்திரங்களும் சிற்பங்களும் அமைத்தனர். போதைப் பழக்கத்தினின்று மீண்டு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சில்லு பதிக்கும் கலையில் தேர்ந்து பிறருக்கும் கற்பித்தார். 'கலை, மானுடவியல் சிற்றூர்' என்னும் பெயரில் அது நிலையான அமைப்பாயிற்று. அதே நகரில் 1984ஆம் ஆண்டு, சுவர்க் கிறுக்கலை ஒழிக்க மேயர் வில்சன் குட் தோற்றுவித்த திட்டத்தில் பணியேற்ற சேன் கோல்டன், கிறுக்கிய இளைஞர் கையிலேயே தூரிகையைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த சுவரோவிய இயக்கம் 4000க்கும் மேற்பட்ட ஓவியங்களை அந்நகருக்கு அளித்துள்ளது. நகராட்சியே கலைக்குத் துணைநின்றால் விளையும் பயனுக்கு இது சான்றாகும்.

டெட்ராய்ட் நகரில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. டைரி கைட்டன் என்னும் கலைஞர் 1986இல் தம் பாட்டனார் துணையுடன் ஹைடல்பர்க் தெருவின் பாழ்வீடுகளில் வண்ணப் புள்ளிகள் தீட்டினார். எறியப்பட்ட காலணி, பொம்மை, வண்டிப் பாகம் ஆகியவற்றைக் கொண்டு தெருவையே கலைக்கூடமாக்கினார். உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து கண்டனர். ஆயினும் அண்டை வீட்டார் சிலர் அதனைக் குப்பை என்றே கருதினர். நகராட்சி 1991இலும் 1999இலும் அதன் பகுதிகளை இடித்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து மூட்டப்பட்ட தீயில் பல வீடுகள் அழிந்தன. படைப்பு உயர்ந்ததாயினும், அது நின்ற மனைகளின் மீது உறுதியான உரிமையும் அண்டை அயலாரின் ஒருமித்த இசைவும் இல்லாவிடத்து அதன் வாழ்வு நிலையற்றதாகும் என்பதை இதனால் அறிகிறோம்.

அழகு கேட்கும் விலை

இனி, வெற்றி பெற்ற முயற்சிகளும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றை நோக்குவோம். பாழடைந்த பகுதி அழகு பெற்றால் அங்கு நிலத்தின் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் சொத்துவரி உயரும், வாடகை உயரும். மாநில வருமானவரி இல்லாத டெக்சாசில் சொத்துவரியின் சுமை மிகுதி. நகரின் வணிக மையத்தை ஒட்டியுள்ள மூன்றாம் வார்டில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, வசதி படைத்தோர்க்கான அடுக்கு வீடுகள் எழுந்தன. வறுமையால் வெளியேறாத குடும்பங்கள் வளர்ச்சியால் வெளியேறும் நிலை தோன்றியது. யாருக்காகக் கலைஞர் வண்ணம் தீட்டினரோ அவர்களையே அவ்வண்ணம் வெளியேற்றுமாயின் அக்கலையின் பயன் என்ன?

இவ்விடரை முன்னரே உணர்ந்தமைதான் ஹூஸ்டன் கலைஞரின் தொலைநோக்கு. அவர்கள் வீடுகளை அழகுபடுத்தியதோடு அமையாது, நிலத்தைப் பொதுநோக்கத்திற்குரியதாக்கினர். பெருநிறுவனங்களின் கைக்குச் செல்லுமுன் மனைகளை வாங்கிக் குறைந்த வாடகை வீடுகளுக்கென ஒதுக்கும் முயற்சியில் அப்பகுதிச் சட்டமன்ற உறுப்பினராயிருந்த கார்னெட் கோல்மனும் ஈடுபட்டார். அண்டைப் பகுதியின் வளர்ச்சியால் பெருகிய வரிவருவாயே அதற்குப் பயன்பட்டது.

இவ்வகையில் அமெரிக்காவில் பரவிவரும் மற்றொரு வழி 'சமூக நில அறக்கட்டளை' ஆகும். கறுப்பின உரிமைப் போராளிகள் 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் அதற்கு வித்திட்டனர். நிலம் அறக்கட்டளைக்கே உரியது. வீடு மட்டுமே குடியிருப்போர்க்கு உரியது. வீட்டை விற்பினும் வரையறுக்கப்பட்ட விலைக்கே விற்றல் வேண்டும். பொதுநன்மைக்கென ஒருமுறை அளிக்கப்பட்ட சொத்தை விற்றலும் வழியுரிமையாக்கலும் இன்றி, அதன் பயனை மட்டும் மக்கள் துய்க்கும் வக்ஃபு முறையை அறிந்த நமக்கு இதன் அடிப்படை அயலானதன்று. முறைகள் வேறாயினும், சந்தையின் கைக்கு எட்டாத இடமொன்று ஏழையர்க்கு வேண்டும் என்னும் அறம் ஒன்றே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நாம் பெறும் முடிவுகள் மூன்று. முதலாவது, நலிந்த நகரத்தில் கலை செய்யத்தக்க முதற்பணி பார்வையை மாற்றுவது. இடிக்கத்தக்கது எனக் கருதப்பட்ட வீட்டைக் காக்கத்தக்கது எனக் காட்டுவது அப்பணி. இரண்டாவது, அம்மாற்றம் நிலைக்க வேண்டுமாயின் மக்கள் பார்வையாளராக அன்றிப் படைப்பாளராகவே பங்கேற்றல் வேண்டும். மூன்றாவது, பங்கேற்பும் போதாது. நிலத்தின் மீதும் அதன் எதிர்காலத்தின் மீதும் அம்மக்களுக்கு உரிமை வேண்டும்.

நகராட்சி செய்ய வேண்டிய பணிகளுக்குக் கலை மாற்றாகாது. குடிநீரும் விளக்கும் பள்ளியும் தருவது அரசின் கடமையே. ஆயினும் அக்கடமையைக் கேட்டுப் பெறும் ஒற்றுமையையும் தன்மதிப்பையும் கலை வளர்க்க இயலும் என்பதை அவ்வெழுவர் காட்டியுள்ளனர். கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்று நாம் இனி வினவுங்கால், எவருடைய வாழ்க்கைக்காக என்பதையும் சேர்த்தே வினவுதல் தகும்.