அவையும் அங்காடியும்

முன்னுரை

சொல்லுக்கு இடம் உண்டு, காலம் உண்டு, அளவும் உண்டு. இம்மூன்றையும் தெரிந்து பேசுவோரையே நம் முன்னோர் அவையறிந்தோர் எனப் போற்றினர். வள்ளுவர் 'அவையறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். பலர் கூடி உரையாடும் பொதுவிடத்தில் ஒருவர் தம் தொழிலை எடுத்துரைக்கலாமா, உரைப்பின் அதற்குரிய முறை யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

இதற்குத் தூண்டுகோலாய் அமைந்தது, நாம் வாழும் மாதவரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. பால்பண்ணையும் சரக்குந்து முனையமும் சிறு பட்டறைகளும் நிறைந்த உழைப்பாளர் பகுதி இது. தெருவினர் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்துள்ளனர். ஒருநாள் விடியற்காலையில் முதியவர் ஒருவரின் மறைவுச் செய்தியும் ஜனாஸா தொழுகையின் நேரமும் அதில் வந்தன. சமையல் ஒப்பந்தத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் உடனே ஆறுதல் மொழி எழுதினார். அதன் கீழேயே தம் பிரியாணி விலைப்பட்டியலையும் சேர்த்துவிட்டார். எதை எழுதினாலும் இறுதியில் அதனை ஒட்டுவது அவர் வழக்கம். உள்ளத்தில் தீங்கு இல்லை. ஆயினும் துயருற்ற குடும்பத்தார் மனம் புண்பட்டது. பலர் அவரை அழைப்பதையே நிறுத்தினர். அவருடைய மகன் நம்மிடம் பயிலும் மாணவர். "ஐயா, விளம்பரத்துக்குக் காசில்லாதவர் தம் தொழிலை வேறு எங்கே போய்ச் சொல்வது?" என்று அவர் கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று அது.

நன்னூல் காட்டும் வரம்பு

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், எத்துணை அரிய நூல்களைச் செய்தவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்கிறார். அடுத்து, அவ்விதிக்கு நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தம்மைப் பழித்த காலையும் தற்புகழ்ச்சி ஏற்கப்படும். புலவர்க்குச் சொன்ன இவ்விதி வணிகர்க்கும் பொருந்தக் காண்கிறோம். அறியாதார்க்குத் தம்மை அறிவித்தல் குற்றமன்று. அறிந்தாரிடமே நாள்தோறும் அறிவித்தல்தான் குற்றம்.

சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தாமே பாடிக்கொள்வதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ பாடுவர். வணிகர்க்குச் சிறப்புப் பாயிரம் பாடத்தக்கவர் அவரிடம் பொருள் வாங்கி நிறைவுற்றவரே ஆவர்.

நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று

தம்மைப் புரந்த திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலைக் கம்பர் நூறு பாடல்களுக்கு ஒருமுறை பாடினார் என்றும், அவையோர் அதனை மிகையெனக் கருதியதால் ஆயிரத்துக்கு ஒருமுறை எனக் குறைத்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. உமறுப்புலவரும் தம் சீறாப்புராணத்தில் அபுல்காசிம் மரைக்காயரை நன்றியுடன் ஆங்காங்கே குறிப்பிடுகிறார். வள்ளலின் பெயர் வருவதில் எவர்க்கும் மறுப்பில்லை. ஆனால் காப்பியத்தை மறைக்குமளவு அது வருதலாகாது. நிலைவிளக்கை வழங்கியவரின் பெயர் தண்டில் இருக்கலாம். கண்ணாடியில் எழுதினால் ஒளியன்றோ மறையும்!

கொடியும் வாயிலும்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசைப்படுத்துகிறது. தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் உயர்த்திய கொடி. நாவாயின் கூம்பில் ஒரு கொடி. கள் விற்கும் மனையில் ஒரு கொடி. அறிவித்தலை நம் பண்டையோர் வெறுக்கவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் வாயிலில் வைத்தனர்.

இஸ்லாமிய நெறியும் இதனையே வலியுறுத்துகிறது. பள்ளிவாசலுக்குள் வாங்குதலையும் விற்றலையும் அண்ணல் நபிகள் (ஸல்) தடுத்தார்கள். மதீனாவில் வணிகர்க்கெனச் சந்தையையும் அமைத்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை அழைப்பின்போது வணிகத்தை விடுமாறு கூறும் திருக்குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறும் கூறுகிறது. வணிகம் இழிந்ததன்று, அதற்குரிய நேரமும் இடமும் வேறு என்பதே கருத்து.

மின்னஞ்சல் உலகின் பாடம்

இச்சிக்கல் கணினி உலகிலும் எழுந்தது. 1978-இல் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர், ஆர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே விளம்பர மடலை அனுப்பிக் கடும் கண்டனத்துக்கு ஆளானார். 1995-இல் வெளிவந்த இணைய நடத்தை நெறிகள், மடலின் இறுதியில் இடும் கையொப்பக் குறிப்பு நான்கு வரிகளுக்கு மேற்படாதிருத்தல் நலம் என வழிகாட்டின. பெறுபவருடைய நேரமும் பொருளும் நம்முடையவை அல்ல என்பதே அதன் அடிப்படை. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுமாறு வணிகர்க்குக் கூறும் 120-ஆம் குறளின் கருத்தும் இதற்கு இயைபுடையதே.

நாம் கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, அவைக்குப் பயனுள்ள ஒன்றைச் சொன்ன பின்னரே தம் பெயரையும் தொழிலையும் சொல்லுதல். இரண்டாவது, அதனை ஒரு வரியில் முடித்தல்; விலையும் விரிவும் கேட்டவர்க்குத் தனியே உரைத்தல். மூன்றாவது, உள்ளதை மட்டும் சொல்லுதல். நான்காவது, இறப்பு, நோய், வழிபாடு பற்றிய செய்திகளின்கீழ்த் தொழிலை அறவே குறிப்பிடாதிருத்தல். ஐந்தாவது கடமை அவையோர்க்கு உரியது: எளிய வணிகர்க்கு வாரத்தில் ஒருநாளேனும் இடம் ஒதுக்குதல். இம்மலரின் பின்பக்கங்களில் வணிகப் பெருமக்களுக்கு இடம் அளித்திருப்பதும் இம்முறை பற்றியே. வாயிலைக் காட்டாமல், 'உள்ளே வராதே' என்று மட்டும் கூறுவது அறமாகாது.

முடிவுரை

அந்த அன்பர் தம் பிழையை உணர்ந்து அக்குடும்பத்தாரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். துக்க வீட்டுக்கு உணவு அனுப்பும் நம் வழக்கப்படி, ஒருவேளை உணவும் சமைத்து அனுப்பினார். அதுபற்றி எங்கும் ஒரு சொல்லும் எழுதவில்லை. வந்தவர்கள் உண்டபின் பாத்திரம் கழுவிய பெண்மணி, விளிம்பில் வெட்டியிருந்த அவர் பெயரைப் படித்தார். அடுத்த மாதம் அத்தெருவில் நடந்த நிக்காஹ் விருந்துக்கு அவரையே அழைத்தனர்.

பாத்திரத்தில் வெட்டிய பெயர் உணவைத் தடுப்பதில்லை. உண்டு முடித்தபின் தேடுவார் கண்ணுக்குத் தெரிகிறது. நாளை தொழில் தொடங்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் தம் பெயரை அவ்வாறு பொறிப்பார்களாக.