வாசல் தாண்டப்போகும் குட்டிக்கு

கண்ணு, வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த சந்தோஷத்தில் உனக்குக் கால் தரையில் பாவவில்லை என்று கேள்விப்பட்டேன். எப்போது தெருவுக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தாய். ஆயுசு முழுக்க நாய்களோடு நடந்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. ஊசி முந்தட்டும், தெரு பிந்தட்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குறைந்தது 16 வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தெருமண்ணில் கால் வைக்கட்டும். சரியான நாளை உன் கால்நடை மருத்துவரே சொல்வார். பார்வோ என்ற நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பிள்ளைகள் ஆசை தாங்காமல் குட்டியைக் குப்பைமேட்டுப் பக்கம் ஓடவிட்டார்கள். ஒரே வாரத்தில் ரத்தபேதி கண்டு போய்விட்டது. ஆசைக்கு அவசரம் உண்டு, நோய்க்கு இரக்கம் கிடையாது.

2. அதற்காகப் பூட்டியும் வைக்காதே. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி உலகத்தோடு பழகும் பருவம். அப்போது பார்க்காததையும் கேட்காததையும் பின்னால் கண்டு மிரளும். தூக்கிக்கொண்டு வாசலில் நில். ஆட்டோ சத்தம், குடை, ஹெல்மெட், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் கண்ணில் படட்டும். என் அப்பா குட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு டீக்கடை வரை போய் வருவார். அப்படி வளர்ந்த நாய் பிறகு திருவிழா மேளத்துக்கும் அசையவில்லை.

3. நடையை வீட்டுக்குள் தொடங்கு. கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதலில் சொறிந்துகொள்ளும், உருளும், பிறகு மறந்துவிடும். கனத்த இரும்புச் சங்கிலி வேண்டாம். மெல்லிய வார் போதும். கூடத்தில் உன் பின்னால் நாலடி வந்தால் ஒரு துண்டு தின்பண்டம் கொடு, வாயாரப் பாராட்டு. தெருவில் நீ எதிர்பார்க்கும் பொறுமையைக் கூடத்தில் நீ முதலில் பழகிக்கொள்.

4. வெயிலைக் கேட்டுப் புறப்படு. தார் ரோட்டில் உன் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பார். உனக்குத் தாங்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது. சித்திரை, வைகாசியில் சூரியன் இறங்கிய பிறகும் ரோடு கொதிக்கும், விடிகாலையே நல்லது. தூரமும் அளவோடு இருக்கட்டும். வயதில் ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்று வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ ஓடப் பிறந்த சாதிதான். ஆனாலும் எலும்பு முற்றும் வரை அதை வண்டிக்குப் பின்னால் ஓட்டாதே. நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் தூக்கிக்கொண்டு திரும்பு.

5. மோப்பம் பிடிக்க விடு. அதற்கு உலகம் மூக்கு வழியாகத்தான் தெரியும். ஒரே கம்பத்தை ஐந்து நிமிடம் முகர்ந்தாலும் நில். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குட்டியின் வாயைக் கவனி. பிரியாணிக் கடை ஓரத்தில் கிடக்கும் கோழி எலும்பு தொண்டையைக் கிழிக்கும். வீடு திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பார்.

6. தெருநாய்களை மதி. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் உண்டு. அது அவற்றின் எல்லை, நீதான் விருந்தாளி. குரைத்து வந்தால் ஓடாதே, கல்லைத் தேடாதே. குட்டியை மறைத்து நின்று, மெதுவாக வந்த வழியே திரும்பு. எந்த நாயின் பல் உன்மேல் பட்டாலும், உன் குட்டியின் பல்லாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ.

7. ஊரோடு ஒத்துப் போ. கையில் பை வைத்துக்கொள், கழிவை அள்ளு. எதிரே வருகிறவர் ஒதுங்கினால், “ஒண்ணும் செய்யாது” என்று சமாதானம் சொல்வதைவிட வாரைச் சுருக்கிப் பிடிப்பது மரியாதை. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி நாயென்றால் நடுங்குவார். அவரைக் கண்டதும் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். நாளடைவில் அவரே என் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். நீ சென்னையில் இருப்பதால் மாநகராட்சி உரிமத்தையும் மறக்காமல் வாங்கிவிடு.

8. கோபத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போ. பஸ் ஹாரனுக்குப் பயந்து குட்டி மண்ணோடு ஒட்டிக்கொண்டால் தரதரவென்று இழுக்காதே. பக்கத்தில் குந்தி உட்கார். அது நிமிர்ந்ததும் வேறு பக்கம் கூட்டிப்போ. இழுத்துப் பழகிய கைக்கு இழுக்கும் நாய்தான் வாய்க்கும். வார் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நாயை உன்னோடு கட்டி வைப்பது நம்பிக்கைதான்.

நாயின் ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருஷம்; கொடுத்துவைத்திருந்தால் இன்னும் கொஞ்சம். அத்தனை வருஷ நடைக்காகச் சில வாரம் பொறுப்பது பெரிய காரியமா? இப்போதே போய் ஊசி அட்டையை எடுத்து, அடுத்த தேதி என்னவென்று பார்.