யாக்கை என்னும் கட்டு

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். வகுப்பில் ஒருநாள் இப்பெயரைப் பிரித்தெழுதச் சொன்னபோது மாணவர் ஒருவர் ‘முதுகு’ என்றே தொடங்கிவிட்டார். முது + குன்றம் எனத் திருத்தினேன், வகுப்பு சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தந்தையார் இவ்வூர்ப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் கலப்பலகை சுமப்பவர் என்பதையும், கழுத்தும் முதுகும் வலித்து ஒரு மாதமாக வேலைக்குச் செல்லாதவர் என்பதையும் பின்னரே அறிந்தேன். இக்கட்டுரைக்கு வித்து அதுவே.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலடுக்கில் கிடைக்கும் வெண்களிமண் நம் ஊர்த் தொழிலுக்கு அண்மையில் வாய்த்த செல்வம். அம்மண் வெந்து பீங்கானானபின் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கோ எளிதில் உடையும். கலத்தின்மேல் பூசும் மெருகிலும் இவ்வியல்பைக் காணலாம். சூளை ஆறுங்கால் மெருகானது உள்மண்ணினும் மிகுதியாகச் சுருங்கின் இழுபட்டு, மயிரிழைபோல் வெடிக்கும். சற்றே குறைவாகச் சுருங்கின் அமுக்கத்தில் நின்று கலத்துக்கு வலிமை சேர்க்கும். எனவே இழுவிசை, அமுக்கவிசை என்னும் இரண்டும் இவ்வூர்த் தொழிலாளர்க்குப் புதியன அல்ல. ஆயினும் தம் உடலைப் பற்றி எண்ணுங்கால் அவர்களும், நாமும், அதனைச் செங்கல்மேல் செங்கல் அடுக்கிய தூணாகவே கருதுகிறோம்.

தூணாயின் அது தானே நிற்க வேண்டும். முதுகெலும்போ அவ்வாறு நிற்பதில்லை. தசைகளை நீக்கிய இடுப்புப் பகுதி முள்ளெலும்புத் தொடர், எலும்பும் தட்டும் பிணையங்களும் குறையாதிருந்தும், ஏறத்தாழ 9 கிலோ எடைக்கே வளைந்து நிலைகுலைவதை ஆய்வுக்கூடத்தில் அளந்துள்ளனர். உயிருள்ள மனிதரோ மூட்டையும் சுமந்து நடக்கிறார். இடையில் நின்று தாங்குவது எது? சூழ்ந்துள்ள தசைகளின் இழுப்பே. நாவின் அடியில் உள்ள சிறிய எலும்பு வேறெந்த எலும்பையும் தொடுவதில்லை. தசைகளும் நார்களும் அதனை நடுவில் தொங்கவிட்டுள்ளன. தோள்பட்டை எலும்பும் காறை எலும்பின் முனையில் மட்டுமே உடற்கூட்டோடு மூட்டுக் கொள்கிறது. மற்றபடி அது தசைகளில் மிதப்பது. பலகையைத் தோளில் ஏற்றுவோர் அதனை எலும்பின்மேல் வைப்பதாக எண்ணலாம். உண்மையில் கயிறுகளின்மேல் வைக்கின்றனர்.

ஈண்டு நம் மொழி துணைக்கு வருகிறது. உடலுக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர் யாக்கை. யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். ஆதலின் யாக்கை கட்டப்பட்டது. உடற்கட்டு என்று இன்றும் கூறுகிறோம். சித்த மருத்துவமும் உடற்கட்டுகள் ஏழு என்கிறது. கயிற்றால் பிணைப்பதற்கும் வீடு எழுப்புவதற்கும் தமிழில் ‘கட்டு’ என்னும் ஒரே வினைதான். யாழின் தந்திக்கும் உடலின் நாருக்கும் ‘நரம்பு’ என ஒரே சொல் வழங்கியதும் எண்ணத்தக்கது. இவற்றைக் கொண்டு நம் முன்னோர் இக்கால இயற்பியலை அறிந்திருந்தனர் என வாதிடேன். அத்தகைய பெருமிதம் மலர்க் கட்டுரைகளில் ஏற்கெனவே மிகுதி. கண்டதைக் கண்டவாறு பெயரிட்டனர் என்பதே போதும்.

மேலைநாட்டில் இக்கருத்து சிற்பக் கலையின் வழி வந்தது. அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1948இல் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் பயின்ற கென்னத் ஸ்னெல்சன், ஒன்றையொன்று தொடாத தண்டுகளைக் கம்பிகளின் இழுப்பால் மட்டும் நிறுத்திக் காட்டினார். ஃபுல்லர் பின்னர் அதற்கு ‘டென்செகிரிட்டி’ எனப் பெயர் சூட்டினார். மாணவர் செய்தார், ஆசிரியர் பெயர் பெற்றார்; பூசலும் எழுந்தது. ஆசிரியர்களாகிய நாம் இதனை நினைவிற்கொள்வது நன்று. இவ்வமைப்பில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் அமைப்பு முழுவதும் உருமாறும். நாடாக்கட்டில் நடுவில் தொய்ந்தால் இல்லத்துப் பெரியவர்கள் நடுவையா தொட்டனர்? கால்மாட்டுக் கயிற்றையல்லவா இழுத்துக் கட்டினர்!

எலும்பு மருத்துவர் ஸ்டீபன் லெவின் 1970களில் இக்கருத்தை உடலுக்குப் பொருத்தினார்: எலும்புகள் தண்டுகள், தசையும் நாரும் அவற்றைப் போர்த்திய படலமும் கம்பிகள். இஃது ஒரு கோட்பாடேயன்றி முடிந்த முடிபன்று. முழங்கால் மூட்டில் எலும்பு எலும்பின்மேல் அழுந்துவது கண்கூடு. ஆகவே உடல் முழுவதையும் இதற்குள் அடக்குவது மிகை.

அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் அறிவித்து, 1892இல் கிர்க்ஸ்வில்லில் பள்ளி நிறுவிக் கற்பித்த ஆஸ்டியோபதி இதற்கு மிக முந்தியது. 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தம் மக்கள் மூவரைப் பறிகொடுத்தவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்து, கையால் தொட்டறிந்து சீர்செய்யும் முறையை நாடினார். அம்மருத்துவர்கள் இன்று தம் முறைக்கு விளக்கமாக லெவினின் கோட்பாட்டைக் காட்டுகின்றனர். நம் சித்த மருத்துவத்தின் தொக்கணம் ஒன்பது வகை. அவற்றுள் அழுத்தலும் இழுத்தலும் இருப்பதோடு கட்டலும் ஒன்று. நாள்பட்ட இடுப்புவலிக்குக் கைம்முறை மருத்துவம் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் கூறும். எல்லா நோய்க்கும் அதனையே நீட்டுவதற்குச் சான்று போதாது.

யாப்பு என்னும் சொல்லும் யாத்தலில் பிறந்ததே. வெண்பா எழுதிப் பழகும் மாணவர் ஒரு சீரில் ஓசை இடறக் கண்டு அச்சீரையே மாற்றி மாற்றி எழுதுவர். பிழை அதற்கு முன் நின்ற சீரின் ஈற்றசையில் இருக்கும். நின்ற சீரையும் வரும் சீரையும் பிணைப்பது தளை; ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும்.

அம்மாணவரின் தந்தையாருக்கும் அதுவே நேர்ந்தது. வலித்த கழுத்தில் தைலம் தேய்த்தே ஒரு மாதம் கழிந்தது. பின்னர் ஓர் இயன்முறை மருத்துவர் கழுத்தைத் தொடுமுன் அவரைச் சட்டையின்றி நிற்கச் செய்து பின்னிருந்து நோக்கினார். பதினெட்டு ஆண்டுகள் பலகை ஏற்றிய வலத்தோள் உயர்ந்தும், அதற்கு ஈடாக இடுப்பு இடப்புறம் சாய்ந்தும், இடக்காலில் எடை மிகுந்தும் இருந்தன. இடுப்புக்கும் காலுக்கும் பயிற்சி தந்து, காலையில் இடத்தோளிலும் மாலையில் வலத்தோளிலும் சுமக்கப் பணித்தார். வலி முற்றும் நீங்கவில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பிவிட்டார். பழகாத தோளிலிருந்து முதல் வாரத்தில் வேகாத கோப்பைகள் இரண்டு சரிந்தன. அவற்றின் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டனர்.