மூன்று வண்டிக்கு ஒரு காலி இடம்

டிப்ளமோ முடிச்சிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர்னு போன அண்ணன் ஒருத்தராவது உங்க தெருவில் இருப்பார். பொங்கலுக்கு கம்பெனி பேக் மாட்டிக்கிட்டு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாரே, அவரேதான். 2021 மே மாதம் நாமெல்லாம் ஆன்லைன் கிளாஸில் வீடியோவை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த அண்ணன்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் 21-ஆம் தேதி தமிழ்நாட்டின் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. இரண்டாம் அலையின் உச்சம் அதுதான்.

இந்தக் கட்டுரை அந்த மாதத்தைப் பற்றியது. ஆனால் உங்களைக் கொஞ்சம் பாடப்புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஏன்னா அந்த மே மாதத்தில் நம்ம புரொடக்‌ஷன் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாக வரும் இரண்டு சொற்கள் உயர் நீதிமன்றச் சண்டையின் நடுவில் வந்து நின்றன.

முதல் சொல், தொடர் செயல்முறைத் தொழில். மே 10 முதல் மாநிலத்தில் முழு ஊரடங்கு. 24-ஆம் தேதியிலிருந்து தளர்வே இல்லாத ஊரடங்கு. மளிகைக் கடைகூட மூடியிருந்தது. ஆனால் அத்தியாவசியப் பொருள் செய்யும் ஆலைகளுக்கும் தொடர் செயல்முறைத் தொழில்களுக்கும் விலக்கு இருந்தது. கார் ஆலைகளும் ஓடின. இப்போ நீங்களே சொல்லுங்க, கார் அசெம்ப்ளி தொடர் செயல்முறையா? உருக்காலையின் ஊதுலையை நினைத்தபோது அணைக்க முடியாது; உள்ளே உலோகம் உறைந்தால் உலையே போச்சு. கண்ணாடி உலை, எண்ணெய் சுத்திகரிப்பு எல்லாம் அதே கதை. கார் லைன் அப்படியில்லை. சங்கு ஊதினால் நிற்கும், மறுநாள் சுவிட்சைப் போட்டால் விட்ட இடத்திலிருந்து நகரும். வண்டியை ஒன்று, இரண்டு என்று எண்ண முடிகிறது என்றால் அது தனித்தனி உற்பத்தி. பரீட்சையில் இதை மாற்றி எழுதினால் மார்க் போகும். பெயின்ட் ஷாப்பை நிறுத்தி மறுபடி தொடங்குவதில் சிரமம் உண்டு, மறுக்கவில்லை. அது நஷ்டக் கணக்கு. உலை வெடிக்கிற கணக்கு இல்லை.

ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் ஆலை 2010-இல் தொடங்கியது. அங்குள்ள ரெனால்ட் நிசான் இந்தியா தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லைனில் இடைவெளி இல்லை, சக தொழிலாளர்களுக்குத் தொற்று வருகிறது, ஊரடங்கு முடியும்வரை உற்பத்தியை நிறுத்துங்கள் என்பது அவர்கள் வாதம். பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகிறோம், ஏற்றுமதி ஆர்டர்களை முடிக்க வேண்டும், தவறினால் நஷ்டம் என்று நிர்வாகம் பதில் சொன்னது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மே 24 அன்று ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை விட்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் முதல் ஐந்து நாள் உற்பத்தி நிறுத்தம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. 26-ஆம் தேதி முதல் வேலைக்கு வரமாட்டோம் என்று ரெனால்ட் நிசான் சங்கமும் சொல்ல, அந்த ஆலையும் மாதக் கடைசி வரை மூடியது.

கவனியுங்க, மனு கொடுத்தபோது நிற்காத லைன் அந்த வாரம் நின்றது.

இரண்டாவது சொல்தான் எனக்குப் பிடித்தது: பிட்ச். லைனில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள இடம். இந்த வழக்கில் அடிபட்ட விகிதம் 3:1. அதாவது மூன்று வண்டி போனால் நான்காவது இடம் காலியாகப் போக வேண்டும். ஒரு காலி இடத்துக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு லைனின் டாக்ட் நேரம் 60 வினாடி என்று வைப்போம் (நான் வைத்துக்கொண்ட எண்தான், எந்த ஆலையின் எண்ணும் இல்லை). மணிக்கு 60 வண்டி. நான்கில் ஒன்று காலி என்றால் மணிக்கு 45. சாப்பாடு, டீ போக ஷிஃப்டில் 450 நிமிடம் ஓடினால் 450 வண்டிக்குப் பதில் 337 வெளியே வரும். ஒரு வண்டிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் 80 வினாடி ஆகிறது. நிர்வாகத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து உற்பத்தி போகிறது. சும்மா விட்டுக்கொடுப்பார்களா?

இப்போ தொழிலாளி பக்கம் வாங்க. லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு போல்ட் சண்டித்தனம் பண்ணினால் அவர் வண்டியோடு சேர்ந்து நடந்து அடுத்த ஸ்டேஷனுக்குள் போய்விடுவார். அங்கே ஏற்கனவே ஒருத்தர் நிற்கிறார். டிரிம் லைனில் கேபினுக்குள் ஒருவர் டேஷ்போர்டுக்கு வயரிங் இழுப்பார், இன்னொருவர் கதவுப் பக்கம் இருப்பார்; இருவர் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. தரையில் மஞ்சள் வட்டம் போட்டு ஆறடி தள்ளி நில் என்றால் லைன் கேட்குமா? அந்தக் காலி இடம் வந்தால், பின்தங்கியவர் தன் எல்லைக்குள் திரும்பி வந்துவிடலாம். மூச்சு வாங்கலாம், மாஸ்க்கைச் சரிசெய்யலாம், கை கழுவலாம். மூன்று வண்டிகளுக்கு இடையே நெரிசல் அப்படியேதான் இருக்கும் என்பதும் உண்மை. அதனால் 3:1 முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். அது ஒரு சமரசம். ஆனால் லைனில் நின்று பார்த்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய சமரசம்.

மே 31 விசாரணையில், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மூத்த அதிகாரி ஆலைக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஜூனில் விவகாரம் ஒரு ஆலையைத் தாண்டியது. எல்லா வாகன ஆலைகளுக்கும் ஒரே மாதிரியான இடைவெளி விதிகளை வகுக்குமாறு மாநில அரசிடம் நீதிமன்றம் கேட்டது. ஒரு கம்பெனி மட்டும் காலி இடம் விட்டால் பக்கத்துக் கம்பெனி அந்த 25 சதவீதத்தில் முந்திவிடும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால்தான் யாரும் முந்த முடியாது.

சரி, சட்டம் என்ன சொன்னது? அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு. நடைமுறையில் இயன்ற அளவு தொழிலாளர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் உறுதி செய்வது ஆலை நடத்துபவரின் கடமை என்கிறது அது. 41எச் இன்னும் சுவாரசியம். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்று அஞ்சினால் தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். இரண்டுமே போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-இல் சேர்க்கப்பட்டவை. ஆனால் 41எச் அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளுக்கு மட்டும்; அதுவும் விபத்தால் வரும் ஆபத்தைப் பற்றித்தான் பேசும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சு விபத்துக் கணக்கில் வருமா? 1987-இல் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14-வது பிரிவு, இந்தத் தெரிவிக்கும் உரிமையை அபாயகரமான ஆலைகளுக்கு வெளியேயும் விரித்திருக்கிறது. தெரிவிக்கத்தான் உரிமை, "நான் கிளம்புறேன்" என்று கையுறையைக் கழற்றி வைக்க இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-வது உடன்படிக்கையோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிருக்கு உடனடியான கடும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒருவர் வேலையை விட்டு விலகினால், அதற்காக அவர் பாதிக்கப்படக் கூடாது என்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. அன்றைய மாதிரி நிலையாணைகளில், மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது ஒழுங்கீனம். அந்த "நியாயமான" என்ற சொல்லுக்குள்தான் முழுச் சண்டையும் இருக்கிறது. தனி ஆளாக வேலைக்கு வரமாட்டேன் என்றால் மெமோ வரும். சங்கமாகச் சொன்னபோது நீதிமன்றம் அதிகாரியை அனுப்பியது.

இதில் நமக்கு உறைக்க வேண்டிய இடம் வேறு. படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் முதலில் போகப்போவது அப்ரன்டிஸாக. 1961-ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிற்சியாளர் தொழிலாளி அல்ல என்று நேராகச் சொல்லிவிடுகிறது. சங்கத்தின் பேச்சுவார்த்தையில் உங்கள் பெயர் இருக்காது. ஆனால் அதே சட்டத்தின் 14-வது பிரிவைப் பலர் படிப்பதில்லை. தொழிற்சாலையில் பயிற்சி பெறுபவருக்கு, உடல்நலம், பாதுகாப்பு, நலன் பற்றிய தொழிற்சாலைச் சட்ட அத்தியாயங்கள் அவர் ஒரு தொழிலாளி என்பதுபோலவே பொருந்தும். 16-வது பிரிவு வேலையில் காயம்பட்டால் இழப்பீடு பற்றியது. ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில் ஸ்டைபண்ட் எவ்வளவு, கேன்டீன் எப்படி என்று கேட்போம். அப்ரன்டிஸா, டிரெய்னியா, கான்ட்ராக்டா என்று எழுதியிருக்கும் வரியையும் ஒருமுறை பாருங்க. எந்தச் சட்டம் உங்களுக்கு என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கும்.

இஎஸ்ஐ பிடித்தம் உண்டா என்றும் பாருங்க. கோவிட்டில் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்கு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதத்தை மாதாமாதம் தரும் திட்டத்தை இஎஸ்ஐ கழகம் 2021 ஜூனில் அறிவித்தது. 2020 மார்ச் 24 முதல் கணக்கு. தொற்று உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பாவது பதிவு இருக்க வேண்டியிருந்தது, முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாள் பங்களிப்பு போயிருக்க வேண்டியிருந்தது. பிடித்தம் இல்லாத டிரெய்னிக்கு அன்று இந்தக் கதவு திறக்கவில்லை. சம்பளச் சீட்டில் நூறு ரூபாய் குறைகிறதே என்று சலித்துக்கொள்வோம் இல்லையா, அன்று அது இந்த 70 நாள் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் அந்த மே மாதத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சீனியர்களிடம் கேட்டுப் பாருங்க, அவர்கள் கதை வேறு மாதிரி இருக்கும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன் ஆட்களுக்கு லேப்டாப்பில் வீல் நட் முறுக்க வழியில்லை. அடுத்த முறை அந்த அண்ணன் ஊருக்கு வந்தால், 2021 மே 26 அன்று நீங்க எங்கே இருந்தீங்க என்று கேளுங்க. லைனில் காலி இடம் விட்டார்களா, எத்தனை நாள் விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்க.